மாலை கழற்றிய மறுநாள்

கார்த்திகை பிறந்ததும் நம் தெருக்களில் சில பேர் ஆளே மாறிவிடுவார்கள். வருஷம் முழுக்க ராத்திரி தள்ளாடியபடி வீடு திரும்புகிறவர், விடியற்காலை பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு நெற்றி நிறைய விபூதியோடு கோயில் வாசலில் நிற்பார். ஒரு மண்டலம் ஒரு சொட்டு உள்ளே போகாது. மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றிய மறுநாள், பழையபடி டாஸ்மாக் வாசல். "சாமி பயம் இருக்கிற வரைக்கும்தான் இந்த மனுஷன்" என்று வீட்டில் சலித்துக்கொள்வார்கள்.

பயம் ஒரு பங்குதான். மாலை போட்டவரை மேஸ்திரியிலிருந்து பெட்டிக்கடைக்காரர் வரை "சாமி" என்றுதான் கூப்பிடுகிறார்கள். நேற்றுவரை "மச்சான், ஒரு கட்டிங்?" என்று தோளில் கை போட்டவன் தானாக விலகி நிற்கிறான். வழக்கமாகக் குடிக்கும் சாயங்கால நேரத்தில் பஜனை இருக்கிறது. கூட உட்கார அதே விரதத்தில் இருக்கும் பத்துப் பேர் இருக்கிறார்கள். மனசு தடுமாறினால் சொல்ல ஒரு குருசாமி இருக்கிறார். மாலை இறங்கியதும் இத்தனையும் ஒரே நாளில் போய்விடுகிறது. மிஞ்சுவது பழைய கூட்டாளிகள் மட்டும்.

குடியை விட்டவர்களோடு பேசிப் பாருங்கள். சரக்கு இல்லாததைவிட ஆள் இல்லாததைத்தான் அதிகம் சொல்வார்கள். சனிக்கிழமை ஆறு மணிக்குக் கூலி கைக்கு வருகிறது. கூட வேலை செய்தவர்கள் எல்லோரும் ஒரே திசையில் நடக்கிறார்கள். குடியை விட்டவர் மட்டும் பஸ் நிறுத்தத்தில் தனியாக நிற்கிறார். மருத்துவர் எழுதிக் கொடுக்கும் மாத்திரைச் சீட்டில் அந்தச் சாயங்காலத்துக்கு மருந்து கிடையாது.

அதற்கு என்ன செய்யலாம் என்று பார்ப்பதற்கு முன், உயிரோடு சம்பந்தப்பட்ட ஒரு விஷயம்.

தினமும் நிறையக் குடித்துப் பழகியவர் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறது, அந்த நடுக்கம் அடங்கவே ஒரு குவார்ட்டர் தேவைப்படுகிறது என்றால் உடம்பு சாராயத்துக்கு அடிமையாகிவிட்டது என்று பொருள். கடைசியாகக் குடித்த சில மணி நேரத்தில் வியர்வை, படபடப்பு, வாந்தி தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் சிலருக்குப் புத்தி பேதலிக்கும். இல்லாத பூச்சி சுவரில் ஊர்வதாகச் சொல்வார்கள், யாரோ அடிக்க வருவதாக ஓடுவார்கள். இதைச் சாமி வந்துவிட்டது, பேய் பிடித்துவிட்டது என்று வேப்பிலை அடித்துக்கொண்டிருந்தால் ஆள் செத்துப்போகலாம். மருத்துவமனையில் இதற்கு மாத்திரை உண்டு, தயமின் என்கிற பி1 வைட்டமின் ஊசி உண்டு. ஒரு வாரம் பத்து நாளில் பெரும்பாலும் சரியாகிவிடும். குடியை விடுவதாக வேண்டிக்கொண்டு கோயிலில் கயிறு கட்டிக்கொள்கிறவர்களுக்கும் மாலை போடுகிறவர்களுக்கும் இது பொருந்தும். முதலில் அரசு மருத்துவமனை, பிறகு கயிறு. வலிப்பு வந்தாலோ, பிதற்றல் தொடங்கினாலோ 108.

2020 ஏப்ரலில் ஊரடங்கு காரணமாகக் கடைகள் மூடிக் கிடந்தபோது செங்கல்பட்டில் மூன்று பேர் பெயின்ட், வார்னிஷ் கலவையைக் குடித்து இறந்தார்கள். "குடிகாரனுக்கு எது கிடைச்சாலும் சரி" என்று அதைப் படித்துவிட்டு நகர்ந்தவர்கள்தான் அதிகம். குடிக்கு அடிமையான உடம்பு அது கிடைக்காத நேரத்தில் ஆளை எந்த நிலைக்குத் தள்ளும் என்பதை அந்தச் செய்தியில் பார்த்தவர்கள் குறைவு.

சரி, துணைக்கு வருவோம். 1935 மே மாதம். அமெரிக்காவில் ஆக்ரன் என்கிற ஊரின் ஒரு ஹோட்டல் லாபியில் பில் வில்சன் என்பவர் நின்றுகொண்டிருந்தார். நியூயார்க்கில் பங்குச் சந்தைத் தொழில், மொடாக்குடி, குடியை விட்டுச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. வந்த வேலை கெட்டுவிட்டது. ஒரு பக்கம் பாரிலிருந்து சிரிப்புச் சத்தம், மறுபக்கம் ஒரு தொலைபேசி. அவர் தொலைபேசிப் பக்கம் போனார். ஊரில் உள்ள பாதிரியார்களைக் கூப்பிட்டு, பேசுவதற்குத் தன்னைப் போல ஒரு குடிகாரர் வேண்டும் என்று கேட்டார். அப்படிக் கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித், அறுவை சிகிச்சை மருத்துவர், அவரும் குடியில் மூழ்கியவர். கால் மணி நேரம்தான் என்று சொல்லி உட்கார்ந்த டாக்டர் ஆறு மணி நேரத்துக்குமேல் பேசினாராம். அந்த வருஷம் ஜூன் 10ஆம் தேதி டாக்டர் கடைசியாகக் குடித்த நாள். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., அந்தத் தேதியைத்தான் தன் பிறந்தநாளாகக் கொள்கிறது. இதில் கவனிக்க வேண்டியது, பில் வில்சன் டாக்டரைத் திருத்தப் போகவில்லை. தான் குடிக்காமல் இருப்பதற்காகவே போனார்.

சென்னையிலும் தமிழ்நாட்டின் பல ஊர்களிலும் ஏ.ஏ. கூட்டங்கள் தமிழில் நடக்கின்றன. பெரும்பாலும் ஏதாவது பள்ளிக்கூட அறை, சர்ச் கூடம், பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு ஃபிளாஸ்க்கில் டீ. ஒருவர் எழுந்து தன் பெயரைச் சொல்லி "நான் ஒரு குடிநோயாளி" என்பார். மற்றவர்கள் வணக்கம் சொல்வார்கள். அவர் பேசுவார். மகளின் வெள்ளிக் கொலுசை அடகு வைத்த கதையாக இருக்கலாம், போன வாரம் சாவு வீட்டில் மாமன் ஊற்றிக் கொடுத்த டம்ளரை வாங்காமல் எழுந்து வந்த கதையாக இருக்கலாம். யாரும் குறுக்கே பேசுவதில்லை, புத்தி சொல்வதில்லை. வீட்டில் சொன்னால் சண்டை வரும், வேலை செய்யும் இடத்தில் சொன்னால் சிரிப்பார்கள் என்கிற விஷயத்தை அங்கே சொன்னால், கேட்கிறவர் தலையாட்டுகிறார், அவருக்கும் அது நடந்திருப்பதால்.

சேருவதற்கு ஒரே தகுதி, குடியை விட வேண்டும் என்ற ஆசை. கட்டணம் கிடையாது. செலவுக்கு உறுப்பினர்களே முடிந்ததைப் போடுகிறார்கள். முழுப் பெயர், சாதி, முகவரி யாரும் கேட்கக் கூடாது. புதிதாக வந்தவருக்கு, குடியை விட்டுச் சில வருஷம் ஆன ஒருவர் ஸ்பான்சராக அமைவார். ராத்திரி ஒன்பது மணிக்குக் கால் கடைப்பக்கம் இழுத்தால் போன் செய்ய ஓர் ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். "வாழ்நாள் முழுக்கத் தொட மாட்டேன்" என்று சத்தியம் வாங்க மாட்டார்கள். இன்று ஒரு நாள் மட்டும், அவ்வளவுதான்.

இதெல்லாம் பலன் தருமா என்று கேட்பது நியாயம். 2020இல் காக்ரேன் என்கிற மருத்துவ ஆய்வு அமைப்பு 27 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. ஏ.ஏ.யோடு முறையாக இணைத்துவிடும் சிகிச்சை, தொடர்ந்து குடிக்காமல் இருக்கச் செய்வதில் மற்ற உளவியல் சிகிச்சைகளுக்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தது. எல்லோருக்கும் ஒத்துவரும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. கடவுள் என்ற பேச்சு அங்கே நிறைய வரும், அது பிடிக்காதவர்கள் உண்டு. ஆண்கள் நிறைந்த அறையில் ஒரு பெண் தன் குடியைப் பற்றிப் பேசுவது எளிதில்லை. மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவர், கடன் கேட்கிறவர், தனியே வரச் சொல்கிறவர் எந்தக் கூட்டத்திலும் இருக்கலாம். அப்படி ஒருவர் வாய்த்தால் வேறு கூட்டத்துக்குப் போய்விடுங்கள். இன்னொன்று, அங்கே பேசியதை வெளியே சொல்லக் கூடாது என்பது அவர்களுடைய மரபுதான், சட்டக் கட்டாயம் கிடையாது. ரகசியம் காக்கும் சட்டக் கடமை மருத்துவருக்கும் மனநல ஊழியர்களுக்கும் உண்டு. வழக்கு சம்பந்தமான விஷயங்களைக் கூட்டத்தில் பேசாமல் இருப்பது நல்லது.

வெளியூர்க் கூட்டத்துக்குப் போக முடியாத கிராமத்துக்காரர் என்ன செய்வார்? சென்னை டி.டி.கே. மருத்துவமனை இதற்கு ஒரு வழி காட்டியது. 1980இல் அதைத் தொடங்கிய சாந்தி ரங்கநாதன், குடிநோய்க்குக் கணவரைப் பறிகொடுத்தவர். திருவாரூர்ப் பக்கம் மஞ்சக்குடியில் அவர்கள் நடத்திய பதினைந்து நாள் முகாம்களில் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் ஒன்றாகச் சிகிச்சை பெற்றார்கள். வீடு திரும்பிய பிறகு டீக்கடையில் எதிரே உட்காருகிறவரும் அதே முகாமில் கூட இருந்தவர். இந்த ஒரு ஏற்பாட்டை நம் பஞ்சாயத்துகள் ஏன் எடுத்துச் செய்யவில்லை என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

மத்திய சமூக நீதித் துறைக்காக எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான ஆய்வின்படி, குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவதொரு சிகிச்சையோ உதவியோ பெற்றதாகச் சொல்லியிருக்கிறார். மீதிப் பேரை எதிர்பார்த்துத்தான் ஒரு வியாபாரமே நடக்கிறது. "அவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்" என்று சாப்பாட்டில் கலக்கச் சொல்லி விற்கும் பொடிகளில் என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. குடியை விடுவதற்காக மருத்துவர்கள் தரும் டைசல்ஃபிராம் மாத்திரையையும் சிலர் ரகசியமாகக் குழம்பில் கலக்கிறார்கள். அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தியெடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அதன் வேலை நீடிக்கும். சாப்பிடுகிறவருக்குத் தெரிந்து, மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே கொடுக்க வேண்டிய மருந்து அது.

அதைவிட மோசம், ராத்திரியில் வண்டியோடு வந்து ஆளைக் கட்டித் தூக்கிப் போகும் சில 'மறுவாழ்வு மையங்கள்'. மையத்தில் அடிபட்டு நோயாளி இறந்த வழக்கு சென்னையிலேயே பதிவாகியிருக்கிறது. வீட்டார் கையெழுத்துப் போட்டுப் பணம் கட்டிவிட்டால் மையத்துக்காரர்கள் எதையும் செய்யலாம் என்று பலர் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2018 மே முதல் நடைமுறையில் இருக்கும் மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017, மதுப் பழக்கத்தோடு வரும் மனநலக் கோளாறுகளையும் மனநோய் என்றே கணக்கில் எடுக்கிறது. ஆகவே மனநோயாளிக்குள்ள உரிமைகள் எல்லாம் குடிநோயாளிக்கும் உண்டு. எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது. குடும்பத்தோடு பேசவும், பார்க்க வருகிறவர்களைச் சந்திக்கவும் உரிமை உண்டு. தன் சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டு வாங்கலாம். விருப்பத்தோடு சேர்ந்தவர் வீட்டுக்குப் போகிறேன் என்றால் பொதுவாக அனுப்பிவிட வேண்டும். அவர் விருப்பம் இல்லாமல் சேர்ப்பதென்றால், தனக்கோ பிறருக்கோ ஆபத்து போன்ற காரணம் இருக்க வேண்டும். மனநல மருத்துவர் உட்பட இரண்டு பேர் தனித்தனியே பரிசோதித்துச் சொல்ல வேண்டும். முதலில் 30 நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது.

சேர்க்கும் முன் மூன்றே கேள்வி கேளுங்கள். மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்று எங்கே? மருத்துவர் எந்தெந்த நாள் வருகிறார்? எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாமா? மூன்றாவது கேள்விக்கு "ஒரு மாசம் யாரும் வரக் கூடாது" என்று பதில் வந்தால் வாசலோடு திரும்பிவிடுங்கள். உள்ளே இருப்பவருக்கு அநியாயம் நடந்தால் மனநல மறுஆய்வு வாரியத்திடம் முறையிடலாம். இலவச சட்ட உதவிக்கு 15100. அடிதடி என்றால் போலீஸ்தான். இன்ஷூரன்ஸ் பற்றி ஒரு வார்த்தை: உடல் நோய்க்கு நிகராக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது இந்தச் சட்டம். ஆனால் பல பாலிசிகளில் மதுப் பழக்கச் சிகிச்சை விலக்குப் பட்டியலில் இருக்கிறது. பணம் கட்டும் முன் படித்துப் பாருங்கள்.

பணமில்லாதவர்கள் தனியார் மையத்தை நினைக்கவே வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 2025இல் தமிழக அரசு 'கலங்கரை' என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்களை அரசு மருத்துவமனைகளில் தொடங்கியது. 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணிலும், போதை மீட்புக்கான 14446 எண்ணிலும் கட்டணமில்லாமல் பேசலாம். குடிப்பவர்தான் பேச வேண்டும் என்பதில்லை, மனைவியோ அம்மாவோ பேசலாம்.

அந்த மனைவிக்கும் துணை வேண்டும். பில் வில்சனின் மனைவி லோயிஸ் 1951இல் தொடங்கிய அல்-அனான், குடிநோயாளியின் வீட்டாருக்கானது. அவர் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் இவர்கள் போகலாம். அடி வாங்கிக்கொண்டு "குடிச்சா அப்படித்தான், தெளிஞ்சா தங்கம்" என்று பொறுத்துப்போக வேண்டிய அவசியம் யாருக்கும் கிடையாது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் போதை ஒரு சாக்காக ஏற்கப்படுவதில்லை. பாதுகாப்பு உத்தரவும், அதே வீட்டில் குடியிருக்கும் உரிமையும் கேட்டுப் பெறலாம். பெண்கள் உதவி எண் 181.

குடியை விட்டவருக்கு ஒருநாள் சறுக்கலாம். பலருக்கும் சறுக்கியிருக்கிறது. ஏ.ஏ.யில் அதை 'ஸ்லிப்' என்பார்கள், அதற்காக யாரையும் வெளியே அனுப்புவதில்லை. மறுநாள் வந்து உட்கார்ந்து, மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குகிறார்கள். வெட்கப்பட்டு வராமல் இருந்துவிடுவதுதான் அடிக்கடி நடப்பது, அதனால் அன்று ராத்திரியே ஸ்பான்சரை போனில் கூப்பிடச் சொல்கிறார்கள். சறுக்கல் ஒரு நாளோடு நிற்காமல் வாரக்கணக்கில் நீண்டிருந்து, காலை நடுக்கமும் திரும்பியிருந்தால், கூட்டத்துக்கு முன்னால் மருத்துவமனைக்குப் போக வேண்டும். கூட வர அந்த ஸ்பான்சரையே கூப்பிடலாம்.