உங்களுக்குத் தெரியுமா? பழைய கைத்தொலைபேசியும் எண்ணெய்க் குதமும்

2013இல் விற்பனைக்கு வந்த ஐபோன் 5எஸ், ஒன்பது ஆண்டுகள் கடந்து 2023 ஜனவரியிலும் பாதுகாப்புப் புதுப்பிப்பைப் பெற்றது. ஆகவே ஒரு கைத்தொலைபேசி எத்தனை காலம் உழைக்கும் என்பதை அதன் வயதைவிடப் பராமரிப்பே தீர்மானிக்கிறது. இதற்கு உவமை திருகோணமலையிலேயே உண்டு. இரண்டாம் உலகப் போருக்கு முன் சீனன்குடாவில் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்க் குதங்களில், திருத்திப் பராமரித்தவை இன்றும் எரிபொருளைத் தாங்குகின்றன. கைவிடப்பட்டவற்றைக் காடு மூடிவிட்டது.

“புதுப்பித்தால் போன் மந்தமாகிவிடுகிறதே” என்பார்கள். அதில் பாதி உண்மை. பற்றரி தேய்ந்த பழைய ஐபோன்கள் திடீரென அணைந்துபோகாதிருக்க, மென்பொருள் மூலம் அவற்றின் வேகத்தைக் குறைத்ததாக 2017 டிசெம்பரில் அப்பிள் ஒப்புக்கொண்டது. ஆனால் புதிய பற்றரி போட்டதும் வேகம் திரும்பியது. அந்த மந்தத்துக்கு மூலகாரணம் தேய்ந்த பற்றரிதான். அதை மாற்றும் செலவு புதிய போனின் விலையில் சிறு பங்கே. மாறாக, புதுப்பிப்பு நின்ற போன் நன்றாக ஓடினாலும் அதன் பாதுகாப்பு ஓட்டைகள் அடைபடாமலே கிடக்கும். காலப்போக்கில் வங்கிச் செயலிகளும் அதில் இயங்க மறுக்கும். 2023இன் கூகுள் பிக்சல் 8, 2024இன் சாம்சங் கலக்ஸி எஸ்24 ஆகியவற்றுக்கு 7 ஆண்டுப் புதுப்பிப்பு உறுதியளிக்கப்பட்டுள்ளது. அடுத்த முறை கடையில் கமெராவைப் பற்றி விசாரிக்கும் முன், “எத்தனை வருடத்துக்குப் புதுப்பிப்பு வரும்?” என்று கேளுங்கள்.