ஆரணி பட்டுக்கடைக்குச் சொந்தமாக ஒரு 'சாட்ஜிபிடி': வீட்டு லினக்ஸ் கணினி போதுமா?

கல்யாண சீசன் நேரம். ஆரணியில் பட்டுச் சேலை உற்பத்தி செய்யும் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். பெங்களூரு கடைக்காரருக்கு ஆங்கிலத்தில் பதில் போட வேண்டும். ஐதராபாத் ஆர்டர் ஏன் தாமதம் என்று பக்குவமாக விளக்க வேண்டும். தறிக்காரர்களுக்குக் கொடுத்த பாவு, ஜரிகை கணக்கை அட்டவணையாக்க வேண்டும். காலேஜ் முடித்து வீட்டுக்கு வந்த பையன் என்ன செய்வான்? எல்லாத்தையும் அள்ளி சாட்ஜிபிடியில் போட்டு, 'கொஞ்சம் சரி பண்ணிக் கொடு' என்பான். ரெண்டு நிமிஷத்தில் வேலை முடிந்தது.

அந்த ரெண்டு நிமிஷத்தில் வீட்டை விட்டு வெளியே போனது என்னென்ன? வாடிக்கையாளர்களின் போன் எண்கள், யாருக்கு எவ்வளவு தள்ளுபடி, எந்தத் தறிக்கு என்ன கூலி, அடுத்த சீசனுக்கான பார்டர், முந்தி டிசைன் விவரம். பட்டு ஊரில் டிசைன்தான் சொத்து. செட்டிங்ஸில் போய் அணைத்து வைக்காவிட்டால், சாட்ஜிபிடியின் தனிநபர் கணக்குகளில் நடக்கும் உரையாடல்களை அந்த நிறுவனம் தன் மாடலை மேம்படுத்தப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

பெரிய இடங்களுக்கும் இந்தப் பயம் உண்டு. ஊழியர்கள் உள் ரகசிய கோடிங்கை சாட்ஜிபிடியில் பதிவேற்றிய விவகாரத்துக்குப் பிறகு, சாம்சங் 2023 மே மாதம் இத்தகைய கருவிகளுக்குத் தடை போட்டது. மத்திய நிதி அமைச்சகமும் 2025 ஜனவரி 29 தேதியிட்ட சுற்றறிக்கையில், அலுவலகக் கணினிகளில் சாட்ஜிபிடி, டீப்சீக் போன்றவற்றைத் தவிர்க்கும்படி தன் ஊழியர்களைக் கேட்டுக்கொண்டது.

இதற்கு மாற்றாகச் சொல்லப்படுவதுதான் 'செல்ஃப் ஹோஸ்டிங்'. அதாவது, ஏஐ சாட்டை உங்கள் சொந்த லினக்ஸ் கணினியிலேயே ஓட்டுவது. மென்பொருளுக்குக் காசு கிடையாது. ஆனால் சில இடங்களில் கவனம் தப்பினால், இருந்த ரகசியமும் போய்விடும்.

திரை வேறு, மூளை வேறு

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். இதில் இரண்டு பாகங்கள் உண்டு. ஒன்று, மாடலை ஓட்டும் இன்ஜின். இதற்குப் பலரும் பயன்படுத்துவது 'ஓலாமா'. இன்னொன்று, நாம் பார்த்து டைப் செய்யும் திரை. இதற்குப் பிரபலமானது 'ஓப்பன் வெப்யூஐ'. முதலில் 'ஓலாமா வெப்யூஐ' என்ற பெயரில் இருந்து, 2024-ல் பெயர் மாறியது. பார்ப்பதற்கு அசல் சாட்ஜிபிடி மாதிரியே இருக்கும்.

சிக்கல் என்னவென்றால், இந்தத் திரையை வீட்டு மாடலோடும் இணைக்கலாம், ஏபிஐ கீ போட்டு ஓப்பன்ஏஐ போன்ற நிறுவனத்தோடும் இணைக்கலாம். இரண்டாவது வழியில் போனால் திரை மட்டும்தான் உங்கள் வீட்டில். கேள்வி வழக்கம்போல வெளிநாட்டு சர்வருக்குத்தான் போகும். ஓலாமாவிலேயே இப்போது 'கிளவுட்' என்று பெயரில் முடியும் மாடல்கள் வந்திருக்கின்றன. அவை ஓடுவது உங்கள் கணினியில் அல்ல. 'சொந்த ஏஐ வெச்சிருக்கோம்' என்று நிம்மதியாக இருப்பவர்கள் இந்த ஒன்றை மட்டும் உடனே சரிபார்த்துக்கொள்வது நல்லது.

என்ன கணினி வேண்டும்?

மாடலின் அளவை வைத்து ஒரு எளிய கணக்கு. 800 கோடி பாராமீட்டர் கொண்ட மாடலை 4-பிட் அளவுக்குச் சுருக்கினால், ஒவ்வொன்றுக்கும் அரை பைட். ஆக, 4 ஜிபி. கூடுதல் சங்கதிகளோடு 5 ஜிபி வரை வரும். மெட்டாவின் லாமா 3.1 சிறிய மாடல் இந்த ரகம். கூகுளின் ஜெம்மா 3 மாடலில் 400 கோடி பாராமீட்டர் வகை இன்னும் சிறியது. 16 ஜிபி ரேம் உள்ள, கிராபிக்ஸ் கார்டு இல்லாத சாதாரண கணினியிலேயே இரண்டும் ஓடும்.

ஓடும், ஆனால் பறக்காது. ஒவ்வொரு டோக்கனை எழுதும்போதும் அந்த 5 ஜிபியையும் கணினி ரேமிலிருந்து ஒருமுறை முழுசாகப் படிக்க வேண்டும். இரட்டைச் சேனல் டிடிஆர்4 ரேம் நொடிக்கு 50 ஜிபி அளவில்தான் கொடுக்கும். அப்படியானால் நொடிக்கு 10 டோக்கன்தான் உச்சவரம்பு. நடைமுறையில் அதற்கும் கீழே. பிராசஸர் எவ்வளவு விலை உயர்ந்தது என்பதைவிட ரேமின் வேகம்தான் இங்கே பேசும்.

தமிழுக்கு இதில் ஒரு கூடுதல் அடி. டோக்கன் என்பது மாடல் ஒரு நேரத்தில் விழுங்கும் எழுத்துத் துண்டு. 'பட்டு' நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கு அது 5 குறியீடு, 15 பைட். ஆங்கில 'சில்க்' வெறும் 4 பைட். லாமா 2 போன்ற பழைய மாடல்களின் டோக்கன் பட்டியலில் தமிழுக்கு இடமே மிகக் குறைவு. அதனால் சொல் துண்டு துண்டாக உடைந்து, பதில் ஆமை வேகத்தில் வந்தது. இதைச் சரிசெய்யத்தான் 2023 நவம்பரில் வெளியான 'தமிழ் லாமா' ஆய்வில் 16,000 தமிழ் டோக்கன்களைத் தனியாகச் சேர்த்தார்கள். ஜெம்மா 3-ன் பட்டியலே 2.6 லட்சத்துக்கு மேல். தமிழில் வேலை வாங்கப் போகிறீர்கள் என்றால் இங்கிருந்து தொடங்கலாம்.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். இந்தச் சின்ன மாடல்களின் தமிழ் சில நேரம் நன்றாக இருக்கும், சில நேரம் சிரிப்பு வரும். ஆங்கிலக் கடிதம் திருத்த, நீண்ட மெசேஜைச் சுருக்க, பட்டியலை ஒழுங்காக்க நம்பலாம். ஜரிகையின் தரம், சேலை விலை பற்றிக் கேட்டால் கூசாமல் கதை விடும்.

நிறுவுவது எப்படி?

உபுண்டு போன்ற ஒரு லினக்ஸ், அதில் டாக்கர். டாக்கர் என்பது மென்பொருளை அதற்குத் தேவையான எல்லாவற்றோடும் ஒரு பெட்டியில் அடைத்துத் தரும் முறை. ஓப்பன் வெப்யூஐ பெட்டியைத் தனியாகவும் எடுக்கலாம், ஓலாமாவையும் உள்ளேயே வைத்துக் கட்டியதாகவும் எடுக்கலாம். புதியவர்களுக்கு இரண்டாவதுதான் சரி. கட்டளை அவர்களின் ஆவணத்திலேயே இருக்கிறது, ஒரே வரி.

ஏன் இரண்டாவது? தனித்தனியாக நிறுவினால் கிட்டத்தட்ட எல்லோரும் முட்டி நிற்கும் இடம் ஒன்று உண்டு: திரை வருகிறது, மாடல் பட்டியல் காலி. காரணம், பெட்டிக்குள் இருக்கும் திரைக்கு 'லோக்கல்ஹோஸ்ட்' என்றால் அந்தப் பெட்டிதான், உங்கள் கணினி அல்ல. உடனே இணையத்தில் தேடி, ஓலாமாவை 0.0.0.0 என்ற முகவரிக்கு மாற்றுவார்கள். பிரச்சினை தீர்ந்துவிடும். கூடவே, 11434 என்ற போர்ட்டின் கதவு எல்லாப் பக்கமும் திறந்துகொள்ளும். ஓலாமாவுக்கு பாஸ்வேர்டு கிடையாது.

வீட்டு ரூட்டருக்குப் பின்னால் இருக்கும் கணினி என்றால் ஆபத்து குறைவு. வாடகைக்கு எடுத்த கிளவுட் சர்வர் என்றால், உலகமே உள்ளே வரலாம். 2025-ல் சிஸ்கோ டாலோஸ் ஆய்வாளர்கள் தேடியபோது, இப்படித் திறந்து கிடந்த ஓலாமா சர்வர்கள் 1,100-க்கு மேல் சிக்கின.

ஃபயர்வால் போட்டிருக்கிறேனே என்று கேட்கலாம். உபுண்டுவின் 'யுஎஃப்டபிள்யூ' ஃபயர்வாலில் மூடிய போர்ட்டையும் டாக்கர் தாண்டிக்கொண்டு போகும். அது டாக்கர் வேலை செய்யும் விதம். அதனால் கட்டளையில் போர்ட் எண்ணுக்கு முன்னால் 127.0.0.1 என்று சேர்த்துவிட வேண்டும். அப்போது அந்தக் கணினியைத் தவிர வேறு யாரும் நேரடியாகத் தொட முடியாது.

அப்படியானால் கடையில் இருக்கும் அப்பா போனில் எப்படிப் பார்ப்பார்? 'டெயில்ஸ்கேல்' போன்ற தனி வலையமைப்பு ஆப்பை இரண்டு பக்கமும் போட்டு, அதன் 'சர்வ்' வசதி வழியாகத் திறக்கலாம். இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. டைப் செய்யப் பிடிக்காமல் மைக்கில் பேசுபவர்கள்தான் நம் வீடுகளில் அதிகம். 'எச்டிடிபிஎஸ்' இல்லாத முகவரியில் போன் பிரவுசர் மைக்கைத் திறக்கவே விடாது. டெயில்ஸ்கேல் அந்தச் சான்றிதழையும் கொடுத்துவிடுகிறது.

நிறுவி முடித்ததும் முதல் கணக்கை நீங்களே தொடங்கிவிடுங்கள். முதலில் பதிவு செய்பவர்தான் அட்மின். அடுத்து வருபவர்கள் உங்கள் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும். 'ஓப்பன் வெப்யூஐ' பெயரை எடுத்துவிட்டுக் கடைப் பெயர் போட ஆசையா? 2025-ல் மாறிய உரிமத்தின்படி, 50 பேர் வரை பயன்படுத்தும் இடத்தில் அதற்குத் தடையில்லை.

நாலைந்து பக்க விலைப்பட்டியலைக் கொடுத்த பிறகு, முதல் பக்கத்தையே மாடல் மறந்தது போல் பதில் சொன்னால் குழம்ப வேண்டாம். ஓலாமாவின் பழைய பதிப்புகளில் நினைவு அளவு 2,048 டோக்கன்தான். தமிழில் அது சீக்கிரம் நிரம்பிவிடும். செட்டிங்ஸில் கூட்டலாம், ரேம் அதிகம் பிடிக்கும்.

கட்டளையில் 'வால்யூம்' என்று வரும் இரண்டு பகுதிகளையும் விட்டுவிடாதீர்கள். உரையாடல்களும் கணக்குகளும் ஒன்றில், இறக்கிய மாடல்கள் மற்றொன்றில் இருக்கும். அதை விட்டுவிட்டு நிறுவினாலும் எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடும். முதல் அப்டேட் அன்று பழைய பெட்டியை அழித்துப் புதியதைப் போடும்போது, ஆறு மாதக் கணக்கும் கூடவே போய்விடும்.