மணப்பாடு: குன்றடியில் ஒரு கரை

திருச்செந்தூரில் தரிசனம் முடித்துக் கன்னியாகுமரிக்குக் கிளம்புகிறவர்கள், உடன்குடியில் கருப்பட்டி வாங்க வண்டியை நிறுத்துவார்கள். மணப்பாட்டில் நிறுத்துகிறவர்கள் குறைவு. திருச்செந்தூருக்குத் தெற்கே சுமார் 18 கிலோமீட்டரில், கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டுக் கடல் பக்கம் திரும்பினால் ஊர் வந்துவிடும். அந்தத் திருப்பத்தைத் தவறவிடாதீர்கள் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

வழிநெடுகப் பனைகள். மண் செக்கச்செவேலென்று தேரியாகக் கிடக்கும். ஊரை நெருங்க நெருங்க மண் வெளுத்து, கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு குன்று கண்ணில் படும். உச்சியில் 1581-ல் எழுந்த திருச்சிலுவை ஆலயம், பக்கத்தில் கலங்கரை விளக்கம். புயலில் பாய்மரம் முறிந்து உயிர் தப்பிய போர்த்துகீசியக் கப்பல்காரர் ஒருவர், நேர்ந்துகொண்டபடி அந்த மரத்தில் சிலுவை செய்து இங்கே நட்டார் என்பது ஊர் வழக்கு. செப்டம்பர் 14-ஆம் தேதி திருவிழாவுக்கு இந்தச் சின்ன ஊர் கொள்ளாத கூட்டம் வரும். மற்ற நாட்களில் குன்றின் மேல் காற்றுதான்.

குன்றின் கடல் பக்கத்துச் சரிவில் ஒரு குகை. 1542-ல் முத்துக்குளித்துறை எனப்பட்ட இந்தக் கடற்கரைக்கு வந்த மறைபரப்பாளர் பிரான்சிஸ் சேவியர் தங்கி ஜெபித்த இடம் என்று சொல்கிறார்கள். உப்புக் கடலை ஒட்டியிருந்தும் உள்ளேயிருக்கும் கிணற்றில் நல்ல தண்ணீர். 1544-ல் மணப்பாட்டிலிருந்து சேவியர் எழுதிய கடிதங்கள் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. தாக்க வந்த வடுகர் படைக்கு அஞ்சிக் குமரிமுனைப் பாறைகளில் பசியோடு ஒதுங்கிக் கிடந்த பரதவர்களுக்கு உணவு கொண்டுபோகத் தோணிகளோடு கிளம்பியதையும், எதிர்க்காற்று விடாமல் தடுத்ததையும் ஒரு கடிதத்தில் எழுதுகிறார். குகையில் நின்று யோசித்தால், அவர் பெயரைவிட அந்தக் காற்றுதான் என்னை அதிகம் பாதிக்கிறது. இந்த ஊரில் இன்றும் காற்று வைத்ததுதான் சட்டம்.

பெரும்பாலான பயணிகள் குன்றிலிருந்து படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். நீர்ப்பறவை (2012) படத்தில் பார்த்த கடற்கரை இதுதான் என்ற திருப்தி அவர்களுக்குப் போதும். எனக்குப் போதாது. கீழே இறங்கி, விடியலில் வள்ளங்கள் கரையேறும் நேரத்தில் நிற்க வேண்டும். ஃபைபர் வள்ளத்தின் மூக்கு மணலில் தட்டியதும் நாலைந்து பேர் தோள் கொடுத்து ஏற்றுவார்கள். வலையை உதறி மீனைக் கழற்றுவதற்குள் ஏலக்காரர் குரல் எழுந்துவிடும். சாளை ஒரு குவியல், பாறை ஒரு குவியல், தனியாக இரண்டு சீலா. “மீன்பாடு எப்படிண்ணே?” என்று கேட்டேன். “கச்சான் அடிக்குதுல்லா, பாடு கொறச்சல்தான்” என்றார் ஒருவர், வலையிலிருந்து கண்ணை எடுக்காமல். கச்சான் என்றால் மேல்காற்று. கொண்டல், வாடை, சோழகம் என்று ஒவ்வொரு திசைக்காற்றுக்கும் இந்தக் கரையில் ஒரு பெயர் உண்டு. ஞாயிற்றுக்கிழமை போனால் இதெல்லாம் பார்க்கக் கிடைக்காது. அன்று வள்ளங்கள் ஓய்ந்திருக்கும், ஊர் பூசைக்குப் போயிருக்கும்.

குன்று காற்றையும் அலையையும் மறிப்பதால் ஒரு பக்கம் கடல் சற்றே அடங்கியிருக்கும். முனையைச் சுற்றி வளைந்து வரும் அலைகள் நீளமாக உடைவதால், அலைச்சறுக்கு விளையாட்டுக்காரர்கள் பலகையோடு வருகிறார்கள். அதே அலைகள் அள்ளிவரும் மணல், வேகம் குறைகிற இடத்தில் படிந்து நீண்ட திட்டாகிறது. திட்டுக்கு உள்ளே கருமேனியாற்றின் காயல். பார்க்க அழகான இந்த மணல்திட்டு மீனவர்களுக்குத் தலைவலியும்கூட. போன மாதம் வள்ளம் வந்த வழியில் இந்த மாதம் மணல் ஏறிக்கிடக்கும்.

தெருக்களில் நடந்தால் பழைய பெரிய வீடுகள் தென்படும், இலங்கையோடு வணிகம் செழித்த காலத்தில் எழுந்தவை. சில பூட்டிக் கிடக்கின்றன. ஒரு திண்ணையில் அக்கா ஒருவர் பனையோலை முடைந்துகொண்டிருந்தார். குருத்தோலையை வெயிலில் உலர்த்தி, ஈர்க்கை உரித்து, கத்தியால் ஒரே அகலத்தில் கிழித்து, சாயத்தில் கொதிக்கவைத்து எடுக்கிறார்கள். அவர் விரல்கள் இரண்டு ஓலையை மேலே தூக்கி ஒன்றைக் கீழே நுழைத்து, நகத்தால் நெருக்கிக்கொண்டே போயின. சின்ன மூடிப்பெட்டிதான், ஆனால் மூடியைக் கழற்ற லேசாக இழுக்க வேண்டியிருந்தது, அவ்வளவு இறுக்கம். “ஓலை காஞ்சிட்டா ஒடிஞ்சிரும் தம்பி, ஈரத்துணி போட்டு வச்சிக்கிடணும்” என்றார். விலை கேட்டேன். அந்த உழைப்புக்கு அது மிகக் குறைவு. தயவுசெய்து இங்கே பேரம் பேசாதீர்கள்.

தங்குவதற்குத் திருச்செந்தூர்தான் வசதி. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வெயில் தாங்கும். அலை உடைகிற பாறைப் பக்கம் குளிக்க இறங்க வேண்டாம். எந்த இடத்தில் இறங்கலாம் என்று ஊர்க்காரர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த அமைதிக்கு அருகிலேயே ஒரு பெரிய மாற்றம் தொடங்கிவிட்டது. பக்கத்துக் குலசேகரப்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே ஏவும் ராக்கெட் இலங்கையைச் சுற்றி வளைந்து போக வேண்டும், எரிபொருள் வீணாகும். இங்கிருந்து நேர் தெற்கே திறந்த கடல் என்பதால் சிறிய ராக்கெட்டுகளுக்கு வசதி. நாட்டுக்கு இது தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் ஏவுகிற நாட்களில் குறிப்பிட்ட கடற்பகுதிக்குள் வள்ளம் போக முடியாது. காற்று ஒத்துவரும் நாட்களே கொஞ்சம்தான், அதில் எத்தனை போகும், அந்த நாளின் கூலியை யார் தருவார்கள் என்று மீனவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. தேதிகளை முன்கூட்டியே கரையில் அறிவிக்க வேண்டும், இழப்பீட்டை எழுத்தில் தர வேண்டும். முதல் ராக்கெட் கிளம்புவதற்கு முன்பே இரண்டும் நடந்தாக வேண்டும்.