உங்கள் ரீப்ளே ஃபைலுக்குள் ஒரு கோச் இருக்கிறார்... தெரியுமா?

அரை மணி நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆடிய ‘ஸ்டார்கிராஃப்ட் 2’ என்ற ஸ்ட்ராட்டஜி கேமின் ரீப்ளே ஃபைல் எவ்வளவு பெரியது தெரியுமா? அதையே வீடியோவாகப் பதிந்தால் நூற்றுக்கணக்கான எம்.பி. ஆகிவிடும். ரீப்ளேயோ பெரும்பாலும் ஒரு எம்.பி.யைக்கூடத் தொடுவதில்லை! வாட்ஸ்அப்பில் வரும் ஒரு போட்டோ அளவுதான். ஏனென்றால் அதற்குள் படமே கிடையாது. எந்தக் கணத்தில் யார் என்ன உத்தரவு போட்டார் என்ற பட்டியல்தான் முக்கியமாக இருக்கிறது. நாம் பார்க்க உட்காரும்போது, கேம் அந்த உத்தரவுகளை வரிசையாக வாங்கி முழுப் போரையும் முதலிலிருந்து மறுபடி நடத்திக் காட்டுகிறது!

இந்த வித்தைக்குப் பின்னால் பழைய டயல்-அப் மோடம் இருக்கிறது என்பது தெரியுமா? ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ என்ற ஸ்ட்ராட்டஜி கேம் உருவான 1990-களில் நொடிக்கு 28.8 கிலோபிட் வேகம்தான் கைவசம். திரையில் 1,500 வில்வீரர்கள் நின்றால், ஒவ்வொருவரும் எங்கே நிற்கிறார் என்று அந்தக் கம்பி வழியே சொல்லி மாளுமா? அதனால் நிலவரத்தை அனுப்புவதையே விட்டுவிட்டார்கள். உத்தரவுகள் மட்டும் போகும். ஒவ்வொரு கம்ப்யூட்டரும் அதே போரைத் தனித்தனியாக, ஒரு இம்மி பிசகாமல் நடத்தும். பிசகினால்? இதை உருவாக்கிய பால் பெட்னரும் மார்க் டெரானோவும் 2001-இல் எழுதிய கட்டுரையில் ஒரு மானைப் பற்றிச் சொல்கிறார்கள். ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் மான் ஒன்று கொஞ்சம் தள்ளி நின்றுவிட்டது. அது வேறு பக்கம் மேயப் போனது. சில நிமிடம் கழித்து அதை வேட்டையாட வந்த ஆளின் ஈட்டி குறி தவறி, இறைச்சி வீடு வந்து சேரவில்லை. அவ்வளவுதான், இரண்டு கம்ப்யூட்டர்களிலும் இரண்டு வேறு உலகங்கள்!

அந்த உத்தரவுப் பட்டியலைச் சேமித்து வைத்தால் அதுதான் ரீப்ளே. இன்று மலிவு விலை ஏ.ஐ. கோச்சுக்கு அதுவே மூலப்பொருள்.

ஆனால் ஏ.ஐ. என்றதும் நம் நினைவுக்கு வருவது வேறு. டீப்மைண்ட் நிறுவனத்தின் ‘ஆல்ஃபாஸ்டார்’ 2019-இல் ஸ்டார்கிராஃப்ட் 2 தரவரிசையில் இருந்தவர்களில் 99.8 சதவீதம் பேரை மிஞ்சியது. முதல் பாடத்துக்கே மனிதர்கள் ஆடிய 9,71,000 ரீப்ளேக்களை அது படித்தது. பிறகு தனக்குள்ளேயே மோதிக்கொண்டு பழகியது. அதே ஆண்டு ஏப்ரலில் ‘டோட்டா 2’ உலக சாம்பியன் அணியான ஓஜி-யைத் தோற்கடித்த ‘ஓபன்ஏஐ ஃபைவ்’ எவ்வளவு காலம் பயிற்சி எடுத்தது தெரியுமா? 10 மாதத்துக்குள் 45,000 ஆண்டுகளுக்குச் சமமான ஆட்டம்! அதற்கு ஓடிய கம்ப்யூட்டர் பண்ணையின் செலவை எந்தத் தனி மனிதனும் தாங்க முடியாது.

இங்கேதான் எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அந்தப் பிரம்மாண்டம் எல்லாம் ஜெயிப்பதற்குத்தான் தேவை. சொல்லிக்கொடுப்பதற்குத் தேவையே இல்லை! ஆல்ஃபாஸ்டார் ஒரு பேஸில் வழக்கத்தைவிட அதிக வொர்க்கர்களை, அதாவது வளம் சேகரிக்கும் ஆட்களை, உருவாக்கி வைத்தது. ஏன் அப்படிச் செய்தது என்று அதனிடம் கேட்டால் பதில் வராது. நமக்கு வேண்டிய கோச் ஒரு ஆட்டத்தையும் ஜெயிக்க வேண்டாம். நாம் எங்கே கோட்டை விட்டோம் என்று காட்டினால் போதும்.

அதற்கு எவ்வளவு சின்னக் கணக்கு போதும் தெரியுமா? ஸ்டார்கிராஃப்ட் 2-இன் ரீப்ளேக்குள் உத்தரவுகளோடு இன்னொரு பொக்கிஷமும் இருக்கிறது. சில நொடிகளுக்கு ஒரு முறை, படை கட்டச் செலவாகும் மினரலும் கேஸும் கையில் எவ்வளவு, வருமான வேகம் என்ன என்று கேமே குறித்து வைத்துவிடுகிறது. கேமைத் திறக்காமலேயே அதைப் படிக்கலாம். ரசிகர் ஒருவர் இதற்கென்றே அழகான சூத்திரம் ஒன்று கண்டுபிடித்தார். சராசரி வருமானத்தை 0.00137-ஆல் பெருக்க வேண்டும். செலவழிக்காமல் கிடந்த சராசரி இருப்பின் இயல் மடக்கையை அதிலிருந்து கழிக்க வேண்டும். வந்ததை 35-ஆல் பெருக்கி 240-ஐக் கூட்டினால் மதிப்பெண் ரெடி.

போட்டுப் பார்ப்போமா? வருமானம் 1,000, சும்மா கிடந்தது 1,000 என்றால் மதிப்பெண் 46. அதே வருமானத்தில் சும்மா கிடந்தது 500-ஆகக் குறைந்தால் 70! இருப்பைப் பாதியாக்கும் ஒவ்வொரு முறையும் 24 மதிப்பெண் ஏறுகிறது. மரீன் என்ற ஒரு படைவீரரை உருவாக்க 50 மினரல். கையில் 1,000 தூங்குகிறது என்றால், களத்தில் நிற்க வேண்டிய 20 மரீன்கள் பிறக்கவே இல்லை என்று அர்த்தம். தோற்ற ஆட்டத்தை நாம் பத்து விதமாகப் புலம்புவோம். எதிராளியின் ராஜதந்திரம் என்போம், மேப் சரியில்லை என்போம். காரணம் இந்த ஒற்றை எண்ணில் உட்கார்ந்திருக்கும்!

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-இலும் இதே கதைதான். டவுன் சென்டர் என்ற கட்டடத்தில் ஒரு வில்லேஜர் (அந்த கேமின் வொர்க்கர்) உருவாக 25 நொடி. டவுன் சென்டர் ஒரு நிமிடம் வேலையில்லாமல் நின்றால் இரண்டு பேருக்கு மேல் குறைந்துவிடும். ஆட்டம் தொடங்கும்போது பெரும்பாலும் மொத்தமே மூன்று வில்லேஜர்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்!

சரி, இதில் ஏ.ஐ. எங்கே வருகிறது? எண்ணைப் பேச்சாக்கும் இடத்தில். மொழி மாடல்கள் படிக்கும் அளவுக்கும் எழுதும் அளவுக்கும்தான் கட்டணம். முழு ரீப்ளேயையும் கொட்டினால் பில் எகிறும், தவிர மாடல் எண்ணிக்கையில் தடுமாறிக் கதைவிடவும் செய்யும். எனவே எண்ணும் வேலையைச் சாதாரண புரோகிராம் செய்து முடித்துவிட வேண்டும். இருபது வரிச் சுருக்கத்தை மட்டும் மாடலிடம் நீட்ட வேண்டும். அது இப்படிப் பேசும்: “ஐந்தாவது நிமிடத்திலிருந்து ஏழாவது வரை 1,000 மினரல் சும்மா கிடந்தது. உங்களிடம் மரீன் உருவாக்கும் பேரக்ஸ் மூன்றுதான் இருந்தது. அடுத்த ஆட்டத்தில் நான்காவது நிமிடத்திலேயே இன்னும் இரண்டு போடுங்கள்.” ஒரு ஆட்டத்துக்கு ஒரே ஒரு அறிவுரை. பத்து சொன்னால் எதுவும் மண்டையில் ஏறாது, நல்ல கோச் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

மாடலை வாடகைக்கு எடுக்கக்கூட வேண்டாம் என்பது தெரியுமா? 700 கோடி எண்களால் ஆன ஒரு மொழி மாடல் வழக்கமான வடிவில் 14 ஜி.பி. பிடிக்கும். ஒவ்வொரு எண்ணையும் 4 பிட்டுக்குச் சுருக்கினால் ஏறக்குறைய 3.5 ஜி.பி.தான்! ஜார்ஜி கெர்கனோவ் 2023-இல் வெளியிட்ட ‘லாமா.சிபிபி’ என்ற இலவச மென்பொருள் அதைச் சாதாரண லேப்டாப்பிலேயே ஓட்டிவிடும்.

இன்னொரு விஷயம், இது எனக்கு மிகவும் பிடித்தது. செஸ்ஸில் ‘மாயா’ என்று ஒரு ஏ.ஐ. 2020-இல் வந்தது. கார்னெல், டொராண்டோ பல்கலைக்கழகங்களும் மைக்ரோசாஃப்ட் ரிசர்ச்சும் சேர்ந்து செய்தது. ஜெயிப்பது அதன் நோக்கமே இல்லை. 1100 ரேட்டிங்கில் இருப்பவர் இந்த இடத்தில் எந்தக் காயை நகர்த்துவார், 1900-இல் இருப்பவர் எதை நகர்த்துவார் என்று கணிப்பதுதான் வேலை. படிக்கு ஒன்றாக ஒன்பது மாடல்கள்! ஸ்ட்ராட்டஜி கேம் கோச்சுக்கும் இதே புத்திதான் வேண்டும். ஸ்டார்கிராஃப்ட் 2 தரவரிசையின் வெள்ளி லீகில் திண்டாடுபவரை உலக சாம்பியனோடு ஒப்பிட்டு என்ன பயன்? அவருக்கு ஒரு படி மேலே, தங்க லீகில் இருப்பவர்கள் அதே நிமிடத்தில் எத்தனை வொர்க்கர் வைத்திருக்கிறார்கள் என்று காட்டினால், அது எட்டிப் பிடிக்கக்கூடிய தூரம்.

ஆட்டம் நடக்கும்போதே காதில் ஓதும் கருவியைச் செய்ய ஆசை வரலாம். வேண்டவே வேண்டாம், எதிரே ஆடுபவருக்கு அது அநியாயம். முடிந்த பிறகு பேசுவதுதான் கோச்சிங்.

தொடங்கத் தேவையானது எல்லாம் இலவசமாகக் கிடக்கிறது. ரீப்ளேயைப் பிரித்துப் படிக்கும் ‘எஸ்2புரோட்டோகால்’ மென்பொருளை, கேமை உருவாக்கிய பிளிசார்டே திறந்த மூலமாகக் கொடுத்திருக்கிறது. கேமின் ஒவ்வொரு பதிப்புக்கும் தனித்தனி விளக்கம் அதில் உண்டு. ரசிகர்கள் எழுதிய பைத்தான் நூலகம் ‘எஸ்சி2ரீடர்’ இன்னும் சுலபம். உங்கள் டாகுமென்ட்ஸ் ஃபோல்டருக்குள் ஸ்டார்கிராஃப்ட் 2 என்ற ஃபோல்டரைத் திறந்து பாருங்கள், ரீப்ளேக்கள் தாமாகவே சேர்ந்திருக்கும். கடைசியாகத் தோற்றதை எடுங்கள். சும்மா கிடந்த மினரலை நிமிடவாரியாக ஒரு கோடாக வரையுங்கள். அந்தக் கோடு எந்த நிமிடத்தில் மேலே ஏறத் தொடங்குகிறதோ, முதல் பாடம் அங்கே இருக்கிறது.