மறைந்த தொனியின் சுவடுகள்

டில்லியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழும் தமிழர் பஞ்சாபி மொழியை நாள்தோறும் கேட்கின்றனர். அம்மொழியில் குதிரைக்குரிய சொல்லும் சாட்டைக்குரிய சொல்லும் எழுத்தொலியில் ஒன்றேபோல் இருக்கும். குதிரையைச் சொல்லும்போது மட்டும் குரல் தாழும். இந்தியில் அச்சொல்லின் முதலில் கேட்கும் மூச்சொலி பஞ்சாபியில் மறைந்துவிட்டது. மறையும்போது தன் அடையாளத்தைக் குரலின் தாழ்வில் விட்டுச் சென்றது. இவ்வாறு ஓர் ஒலி மறைந்து தொனியாக எஞ்சுவதும், பின்னர் அத்தொனியும் மறைந்து வேறொன்றாக எஞ்சுவதும் மொழிகளின் வரலாற்றில் உண்டு. இதற்குத் தக்க சான்று ஸ்லாவ் மொழிகளிடத்தே கிடைக்கின்றது.

ருஷ்யம், போலிஷ், செக், செர்பியம், குரோவேஷியம், பல்கேரியம் முதலியன ஸ்லாவ் மொழிகள். ஏறக்குறைய 1,500 ஆண்டுகளுக்கு முன் இவை ஒரே மொழியாக இருந்தன. அம்மூலமொழிக்கு எழுத்து இல்லை. ஆயினும் அதன் நெடிலசைகளில் இருவகைத் தொனிகள் இருந்தன என்று மொழிநூலார் காட்டியுள்ளனர். ஒன்று அக்யூட் எனப்படும் ஏற்றத்தொனி. மற்றொன்று சர்க்கம்ஃபிளெக்ஸ் எனப்படும் இறக்கத்தொனி.

எழுதப்படாத குரலை எவ்வாறு கண்டறிந்தனர்? இரண்டு சொற்களைக் கொண்டு பார்ப்போம். மூலமொழியில் காக்கைக்கு ‘வார்னா’ போன்றதொரு சொல் இருந்தது, அதில் ஏற்றத்தொனி. நகருக்குக் ‘கார்து’ போன்றதொரு சொல், அதில் இறக்கத்தொனி. ருஷ்ய மொழியில் இவ்வசைகள் ஒவ்வொன்றும் இரண்டாக விரிந்தன. காக்கை ‘வொரோனா’ ஆயிற்று; அழுத்தம் இரண்டாம் அசையில். நகர் ‘கோரொத்’ ஆயிற்று, அழுத்தம் முதலசையில். ஏறிய குரலின் உச்சி பின்பாதியிலும், இறங்கிய குரலின் உச்சி முன்பாதியிலும் நின்றமையே இதற்குக் காரணம் என்பர். செக் மொழியிலோ அழுத்தம் எப்போதும் முதலசையில்தான் விழும். ஆகவே அங்கே சான்று கூறுவது உயிரின் அளவு: காக்கை ‘வ்ரானா’ என நெடிலாகவும், கோட்டையைக் குறிக்கும் சொல் ‘ஹ்ரத்’ எனக் குறிலாகவும் நின்றன. செர்பிய, குரோவேஷிய மொழிகளில் இது தலைகீழாயிற்று. காக்கை ‘வ்ரனா’ எனக் குறிலாயிற்று. நகர் ‘க்ராத்’ என நெடிலாயிற்று.

மூன்று நாடுகள், மூன்று வேறு விளைவுகள், மூலம் ஒன்றே. ஒரு மொழியை மட்டும் ஆராய்ந்திருந்தால் இவ்வுண்மை புலப்பட்டிராது. ஸ்லாவ் மொழிகளுக்கு நெருங்கிய உறவான லிதுவேனியமும் இதற்குத் துணை நிற்கிறது. அங்கே காக்கைக்கும் அண்டங்காக்கைக்கும் உரிய சொற்கள் இன்றும் தொனியால் வேறுபடுகின்றன. வியப்பென்னவெனில், லிதுவேனியத்தில் அக்யூட் இறங்கி ஒலிக்கிறது. மற்றது ஏறி ஒலிக்கிறது! பெயர் கொண்டு குணத்தைத் துணிதல் ஆகாது. செர்பியத்தில் இன்று கேட்கும் ஏற்றமும் பழைய ஏற்றம் அன்று. தண்ணீருக்குரிய ‘வொதா’ என்ற சொல்லில் ருஷ்யர் ஈற்றசையை அழுத்துவர். செர்பியரோ அவ்வழுத்தத்தை முதலசைக்கு இழுத்து, அங்கே குரலை ஏற்றினர்.

இம்மாற்றங்கள் எக்காலத்தன? ஓர் அரசர் பெயர் இதற்கு விடை தருகிறது. 814-இல் மறைந்த பிராங்கியப் பேரரசர் கார்லின் பெயரே ஸ்லாவ் மொழிகளில் ‘அரசன்’ என்னும் பொதுச்சொல் ஆயிற்று என்பது பெரும்பாலோர் கொள்கை. ருஷ்யத்தில் அது ‘கொரோல்’. செக் மொழியில் ‘க்ரால்’. ஈற்றிலிருந்த மிகக் குறுகிய உயிர் அழுத்தத்தைத் தாங்கமாட்டாமல் முன்னசைக்குத் தள்ளியபோது புதியதோர் ஏற்றத்தொனி பிறந்தது. கார்லின் பெயரும் அதற்கு உட்பட்டது. எனவே ஒன்பதாம் நூற்றாண்டிலும் ஸ்லாவ் மக்களின் குரலோசை மாறிக்கொண்டே இருந்தது எனத் துணியலாம். அப்புதிய ஏற்றத்தை அட்ரியாட்டிக் கடற்கரையிலும் தீவுகளிலும் வழங்கும் சாகவிய வழக்குகள் தெளிவாகக் காத்து வந்துள்ளன.

பழைய அக்யூட் எதனின்று தோன்றியது? இங்கே நம் நாட்டு வேதமொழியும் சான்றாகிறது. புகையைக் குறிக்கும் ‘தூம’ என்ற சொல்லில் வேதமொழி ஈற்றசையில் உதாத்தம் கொள்ளும். அதன் உறவான லிதுவேனியச் சொல் ‘தூமாய்’ முதலசையில் அழுத்தம் கொள்ளும். இத்தகைய இடப்பெயர்ச்சியை 1895-இல் ஹெர்மன் ஹிர்ட் என்ற ஜெர்மானிய அறிஞர் விதியாக வகுத்தார். மிகத் தொன்மையில் அவ்வூகாரத்தை அடுத்துத் தொண்டையில் பிறந்த ஒரு மெய்யொலி நின்றது. அதுவே அழுத்தத்தைத் தன்பால் இழுத்தது. பின் மறைந்து அக்யூட் ஆயிற்று என்று பிற்கால அறிஞர் விளக்கினர். அண்டை மொழியான லாத்வியத்தில் சில அசைகளின் நடுவே குரல் தொண்டையில் தடைப்பட்டு ஒலிப்பது, அதன் எச்சம் எனப் பலர் கருதுகின்றனர். அக்யூட் தொடக்கத்தில் குரலின் ஏற்றமா, தொண்டையின் அடைப்பா என்னும் வழக்கு இன்னும் தீரவில்லை. ஆயினும் 1957-இல் நார்வே அறிஞர் ஸ்டாங்கும், 1963-இல் ருஷ்ய அறிஞர் இல்லிச்-ஸ்விதிச்சும் வெளியிட்ட நூல்கள் இவ்வாராய்ச்சிக்குப் புதிய அடித்தளம் இட்டன.

மொழிபெயர்ப்பாளனாகிய எனக்கு இச்செய்தியில் ஒரு பாடம் உண்டு. ருஷ்யத்தில் ‘ஸாமக்’ என்று முதலசையை அழுத்தினால் கோட்டை. ‘ஸமோக்’ என்று ஈற்றசையை அழுத்தினால் பூட்டு. ஏட்டில் இரண்டுக்கும் எழுத்து ஒன்றே. எழுத்து தாங்காத இவ்வேறுபாட்டைப் பேசுவோர் நாவே தலைமுறை தலைமுறையாகத் தாங்கி வந்திருக்கிறது. தீவுகளில் வாழ்ந்த மீனவரும் சிற்றூர்களில் வாழ்ந்த முதியோரும், தாம் அறியாமலே, ஆயிரம் ஆண்டுப் பழமையைக் காத்துத் தந்தனர்.

பிறமொழி வழங்கும் ஊர்களில் மக்களை வளர்க்கும் நாம் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று. தமிழ் எழுத்தை நூல் கொண்டு கற்பிக்கலாம். நம் ஊர்ப் பேச்சின் ஓசையை, வீட்டில் பேசிப் பேசியே அவர்களுக்கு அளிக்க இயலும்.