ஒன்பது ராத்திரி வரைஞ்ச காடு, ஒரு நொடியில காலி

இன்னைக்கு கெஸ்ட் யாரும் கிடையாது, நான் மட்டும்தான். போன எபிசோட் முடிவுல, ‘லைன் ரைடர்’ல ஒரு டிராக் போட்டுட்டு இருக்கேன்னு உளறிட்டேன். அதுக்கப்புறம் வந்த மெசேஜ்ல பாதி ஒரே கேள்விதான்: “டிராக் ஓடுது ப்ரோ, ஆனா பின்னணி வரைஞ்சா சின்னப் பிள்ளை கிறுக்கின மாதிரி இருக்கு. என்ன பண்றது?” இதுக்குப் பதில் சொல்ல எனக்கு இருக்கிற ஒரே தகுதி, இதே விஷயத்துல ரெண்டு மாசத்தை வீணாக்கினதுதான்.

தெரியாதவங்களுக்காக ரெண்டு வரி. லைன் ரைடரை உருவாக்கியவர் போஷ்ட்யான் சாதெஜ், ஸ்லோவேனியாவைச் சேர்ந்தவர். 2006 செப்டம்பரில் மாணவராக இருந்தபோது இணையத்தில் போட்டார். நீங்க ஒரு கோடு வரையணும், பனிச்சறுக்கு வண்டியில உட்கார்ந்த ஒரு குட்டிப் பையன் அதுல வழுக்கிட்டுப் போவான். அவ்வளவுதான் கேம். ஜெயிக்கறது, தோக்கறது எதுவும் இல்ல. பையனோட பேர் போஷ். நீலக் கோட்டுல அவன் சாதாரணமா போவான், சிவப்புக் கோடு அவனை வேகமா தள்ளும், பச்சைக் கோடு சும்மா படம் மட்டும், அதுல அவன் மோத மாட்டான். நம்ம பேச்சு முழுக்க இந்தப் பச்சைக் கோட்டைப் பத்திதான்.

நான் முதல்ல வரைஞ்சது ஒரு பைன் மரக் காடு. பைன் மரத்தை நான் நேர்ல பார்த்ததே இல்லங்கறது வேற விஷயம். ஆபீஸ் முடிஞ்சு வந்து, சாப்பிட்டுட்டு, ஒன்பது ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொரு மரத்துக்கும் கிளை, இலை, பட்டையில கீறல் வரைக்கும் போட்டேன். தங்கச்சியைக் கூப்பிட்டு, பெருமையா பிளே பண்ணிக் காட்டினேன். முடிஞ்சதும் அவ சொன்னது: “அண்ணா, நடுவுல ஏதோ கறுப்பா போச்சே, அது என்ன?”

கோபம் வந்துச்சு. அப்புறம் ஒவ்வொரு ஃபிரேமா நகர்த்திப் பார்த்தேன். கேமரா போஷ் கூடவே போகும். அந்த இடத்துல அவன் சிவப்புக் கோட்டுல வர்றதால, ஒரு திரை அகலத்தை ஒரு நொடிக்குள்ள தாண்டிடறான். அப்படின்னா எந்த மரமும் ஒரு நொடிக்கு மேல திரையில இருக்கவே இல்ல. பட்டையில இருக்கிற கீறலை யார் பார்ப்பா?

இதோட இன்னொண்ணையும் சேர்த்துக்கோங்க. பிளே பண்ணும்போது வழக்கமா எல்லாக் கோடும் கறுப்பாத்தான் தெரியும். எடிட்டர்ல பச்சை, நீலம், சிவப்புன்னு பிரிஞ்சு அழகா இருந்தது, ஓடும்போது ஒரே கறுப்புச் சேறாயிடுச்சு. போஷ் எந்தக் கோட்டுல போறான்னே கண்ணுக்குப் பிடிபடல. அதனால இப்போ ஓடுற கோட்டுக்கு மேலயும் கீழயும் கொஞ்சம் வெள்ளை இடம் விட்டுத்தான் வரையறேன். புல்லு கூட அந்தக் கோட்டைத் தொடக் கூடாது. இந்த ஒண்ணை மட்டும் மாத்தினாலே உங்க பழைய டிராக் பாதி சரியாயிடும்.

அப்போ நுணுக்கத்தை எங்க போடறது? போஷ் மெதுவாகிற இடத்துல. ஒரு மேட்டு மேல ஏறி உச்சிக்கு வரும்போது வேகம் குறையும். மேல் நோக்கிப் பறக்கும்போது உச்சிப் புள்ளியில ஒரு கணம் தொங்கற மாதிரி இருக்கும். பார்க்கிறவங்க கண்ணு பின்னணிக்குப் போறது அங்கதான். வேகமா போற இடத்துல பெரிய, எளிமையான வடிவம் போதும்: ஒரு மலை விளிம்பு, நாலு கம்பம். நெருக்கமா கோடு கோடா நிழல் போட்டா அது நிழலா தெரியாது, வெறுமனே மினுக்கும்.

2017ல டூடுல்கேயாஸ்ங்கற யூடியூப் சேனல்ல வந்த டிராக்கை நிறைய பேர் பார்த்திருப்பீங்க. க்ரீக்கோட ‘இன் தி ஹால் ஆஃப் தி மவுன்டன் கிங்’ இசைக்குப் பொருத்தி போஷ் குதிப்பான். அதுல பெரும்பாலும் வெறும் கோடுதான். பின்னணியே இல்லாம நம்மளைக் கட்டிப் போட முடியும்னா, பின்னணி வரையறவன் அது எதுக்குன்னு யோசிச்சுட்டுத்தான் கை வைக்கணும்.

வரிசையும் முக்கியம். முதல்ல ஓடுற பாதையை முழுசா முடிச்சிடுங்க. இந்த கேமோட கணக்கு நொடிக்கு 40 முறை நடக்கும், ஒவ்வொண்ணும் முந்தினதோட விளைவுல இருந்து ஆரம்பிக்கும். ஆரம்பத்துல ஒரு நீலக் கோட்டை நூலளவு நகர்த்தினாக்கூட, முப்பது நொடி தள்ளி போஷ் வேற எங்கயோ பறந்துட்டு இருப்பான். நான் காட்டை வரைஞ்சு முடிச்சதுக்கு அப்புறம் முதல் சரிவைத் ‘திருத்தினேன்’. காடு ஒரு பக்கம், போஷ் ஒரு பக்கம். சிரிக்காதீங்க.

சரி, இப்போ கைக்கு வருவோம். “எனக்கு வரைய வராது”ன்னு நானும் சொல்லிட்டு இருந்தவன்தான். ஸ்கூல்ல என் பயாலஜி ரெக்கார்ட் நோட்டுல இதயத்துப் படத்தைப் பார்த்து, “இது என்ன, உருளைக்கிழங்கா?”ன்னு கிளாஸ் முன்னாடி கேட்டாங்க. அதுக்கப்புறம் பத்து வருஷத்துக்கு மேல பென்சிலைத் தொடல. அதனால என் கோடு நடுங்கறதுக்குக் காரணம் என் கைதான்னு நம்பிட்டு இருந்தேன்.

உண்மையான காரணம், நான் மெதுவா வரைஞ்சது. பயந்து பயந்து இழுத்தா மணிக்கட்டு மட்டும் அசையும், நடுக்கம் அப்படியே பதிவாகும். லைன் ரைடர்ல வளைவுன்னு தனியா எதுவும் கிடையாது, எல்லாமே குட்டிக் குட்டி நேர்கோடுகள்தான். நடுங்கின கோடுன்னா நூத்துக்கணக்கான துண்டுகள். அம்மா புள்ளிக் கோலம் போடறதைப் பார்த்தப்போதான் எனக்கு இது உறைச்சுது. மணிக்கட்டு அசையவே இல்ல, முழுக் கையும் தோள்ல இருந்து நகருது. கண்ணு கோட்டைப் பார்க்கல, அடுத்த புள்ளியைப் பார்க்குது. நானும் அதையே செய்யறேன்: வளைவு போக வேண்டிய இடத்துல நாலஞ்சு சின்னப் பச்சைப் புள்ளி, திரையைச் சிறிசாக்கி, மவுஸை அழுத்தாம ரெண்டு முறை மேல ஓட்டி ஒத்திகை, மூணாவது முறை ஒரே இழுப்பு. சரியா வரலையா, அழிச்சுட்டு மறுபடியும் ஒரே இழுப்பு. ஒட்டுப் போடறது மட்டும் கூடாது. புள்ளியை அப்புறம் அழிச்சிடலாம். பேனா டேப்லெட் வாங்கணுமான்னு கேட்கறீங்க. எங்கிட்ட இல்ல, மவுஸ்தான்.

ஆழம் கொண்டு வர்றது தனிச் சிக்கல். சாதாரணமா வரைஞ்சா எல்லாக் கோடும் ஒரே தடிமன், உள்ள நிறம் நிரப்பவும் முடியாது. வீட்டுக்குப் பின்னாடி மலை வரைஞ்சா, மலைக் கோடு வீட்டுக்குள்ள புகுந்து வெளிய வரும். அப்போ ரெண்டுமே கண்ணாடி மாதிரி ஆயிடும். அதனால முன்னாடி இருக்கிறதை முதல்ல முழுசா மூடி வரையுங்க. பின்னாடி இருக்கிற கோடு அதைத் தொடறதுக்கு ஒரு நூல் முன்னாடியே நிக்கட்டும். அந்தச் சின்ன இடைவெளியே ‘இது தள்ளி இருக்கு’ன்னு சொல்லிடும். தூரத்துல இருக்கிறதுக்குக் கோடு குறைவா போடுங்க.

கடைசியா, கண்ணு. என் காட்டோட பெரிய பிரச்சினை வேகம் கூட இல்ல, அது எந்த மரமும் இல்லங்கறதுதான். ‘மரம்’ங்கற சொல்லுக்கு நம்ம மனசுல ஒரு முத்திரை இருக்கு, கை அதையே குத்திட்டு இருக்கும். பெட்டி எட்வர்ட்ஸ் 1979ல எழுதின ஓவியப் பயிற்சிப் புத்தகத்துல இதுக்கு ஒரு வழி இருக்கு: ஒரு படத்தைத் தலைகீழா வெச்சுப் பார்த்து வரையணும். தலைகீழா இருந்தா அது மூக்குன்னு, நாற்காலின்னு மூளை பேர் வைக்கத் தடுமாறும், கண்ணு கோட்டை மட்டும் பார்க்கும். நான் என் மொட்டை மாடியை போட்டோ எடுத்து, போனைத் திருப்பி வெச்சு, தினமும் பத்து நிமிஷம் காகிதத்துல வரைஞ்சேன். முதல் வாரம் கேவலமா இருந்துச்சு. மூணாவது வாரத்துல தண்ணி டேங்க் தண்ணி டேங்க்காவே வந்துச்சு: சாய்ஞ்ச மூடி, பக்கவாட்டுல வளைஞ்சு இறங்கற பைப், மேல குறுக்க போற நாலு ஒயர்.

பைன் காட்டை மொத்தமா அழிச்சேன். மனசு வலிச்சுது, பொய் சொல்லல. அந்த இடத்துல இப்போ மூணே மூணு கரண்ட் கம்பம். அதைத் தாண்டி ஒரு மேடு, போஷ் மூச்சு வாங்கற மாதிரி மெதுவா ஏறுவான், அங்க மொட்டை மாடி.

போன ஞாயித்துக்கிழமை தங்கச்சியை மறுபடியும் உட்கார வெச்சேன். அந்த மேடு வந்ததும் அவளே நிறுத்தச் சொன்னா. “இது நம்ம மாடிதானே? உடைஞ்ச மூடி கூட இருக்கே!” எனக்குத் தொண்டை அடைச்சுது, காட்டிக்கல. அடுத்த நொடியே கேட்டா: “கைப்பிடிச் சுவர்ல எதுக்கு ஒரு பெருச்சாளி?”

அது பூனை. இந்த வாரம் அதைத் திரும்ப வரையணும்.