லோங்கேவாலா போர்: ஜெயிச்சது ராணுவமா, விமானப்படையா?

1971 டிசம்பர் 4 இரவு. ராஜஸ்தானின் லோங்கேவாலா எல்லைச் சாவடியை நோக்கி பாகிஸ்தான் டாங்கிகள் படையெடுத்தன. அங்கே மேஜர் குல்தீப் சிங் சந்த்புரி தலைமையில் இருந்தது சுமார் 120 வீரர்கள்தான்.

விமான உதவி உடனே கிடைக்கல. காரணம், ஜெய்சல்மரில் இருந்த ஹண்டர் விமானங்களால் இருட்டில் தாக்க முடியாது. விடியும்வரை ராணுவம் தாக்குப்பிடித்தது. விடிந்ததும் வந்த ஹண்டர்கள், வெட்டவெளி மணலில் மறைவிடமின்றி நின்ற டாங்கிகளை நொறுக்கின.

வெற்றி யாருடையது என்று முன்னாள் அதிகாரிகள் பின்னாளில் மல்லுக்கட்டினாங்க. 1997-ல் வந்த 'பார்டர்' படம் தரைப்படையையே முன்னே நிறுத்தியது.

ஆனா கணக்கு சிம்பிள். இரவில் சாவடி விழுந்திருந்தா, காலையில் விமானம் வந்தும் அதைக் காப்பாற்றியிருக்க முடியாது. விமானம் வராமல் இருந்திருந்தா, 120 பேர் பகலைத் தாண்டுவதே கஷ்டம்.